மூன்று டாக்டர்கள், மூன்று வழி: அப்பாவின் இரைப்பைப் புற்றுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. லால்குடி பக்கம் விவசாயம். சாப்பிட்டதும் வயிறு உப்புசம், வாந்தி, ஐந்து மாதத்தில் நல்ல எடைக்குறைவு. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி என்றார்கள். பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. சி.டி. ஸ்கேன் பார்த்து மூன்றாம் நிலை என்றார்கள். நான்கு தவணை கீமோ முடிந்து, கட்டி சுருங்கியிருக்கிறது. இப்போது ஆபரேஷன். அரசு மருத்துவக் கல்லூரி டாக்டர் வயிற்றைத் திறந்துதான் செய்வேன் என்கிறார். திருச்சியில் ஒரு தனியார் டாக்டர் லேப்ராஸ்கோப்பி போதும் என்கிறார். சென்னையில் பார்த்தவர் ரோபோடிக்தான் இன்றைக்குச் சிறந்தது என்கிறார். தம்பி நிலத்தை அடமானம் வைத்தாவது ரோபோடிக் செய்யலாம் என்று நிற்கிறான். மாமாவோ, வயிற்றுக்குள் காற்றடித்தால் புற்று பரவிவிடும் என்று பயமுறுத்துகிறார். அப்பாவிடம் இன்னும் ‘வயித்துல புண்ணு’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். எந்த வழியில் போவது, டாக்டர்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று டாக்டர்களும் மூன்று விதமாகச் சொன்னதால், இரண்டு பேர் தவறாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மூவரும் செய்யப்போவது ஒரே ஆபரேஷன்தான். இரைப்பையின் கீழ்ப்பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுப்பது, அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களை ஒட்டியிருக்கும் நிணநீர்க் கணுக்களைச் சுத்தமாக எடுப்பது, மிச்சமிருக்கும் இரைப்பையைச் சிறுகுடலோடு இணைப்பது. உள்ளே போகும் வாசல் மட்டும்தான் வேறு. அப்பாவின் ஆயுளை நிர்ணயிப்பது உள்ளே நடக்கும் வேலை. என் பதில் முழுக்க இதைச் சுற்றித்தான் இருக்கும்.

கணுக்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபரேஷன் என்றதும் எல்லோரும் தையலைப் பற்றித்தான் கேட்கிறார்கள், இதைக் கேட்பதே இல்லை. இரைப்பைப் புற்று முதலில் பக்கத்துக் கணுக்களுக்குப் போகும். பிறகு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும் பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டிய கணுக்களுக்குப் போகும். இந்த இரண்டாம் வட்டத்தையும் சேர்த்து எடுப்பதை ‘டி2’ என்கிறோம். நெதர்லாந்தில் 1989 முதல் 1993 வரை நோயாளிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், முதல் வட்டத்தோடு நிறுத்தியவர்களில் 48 சதவீதம் பேர் இரைப்பைப் புற்றாலேயே இறந்திருந்தார்கள். டி2 செய்தவர்களில் அது 37 சதவீதம். ஆனால் அதே ஆய்வில், ஆபரேஷனை ஒட்டி இறந்தவர்கள் டி2 பக்கம் 10 சதவீதம், மறுபக்கம் 4 சதவீதம். அந்தக் காலத்தில் மண்ணீரலையும் கணையத்தின் வால்பகுதியையும் சேர்த்தே எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். இன்று, தேவையில்லாமல் அவற்றை யாரும் தொடுவதில்லை. எனவே டி2 இப்போது பாதுகாப்பானது, பழகிய கை செய்தால். கணையத்தின் மேல்விளிம்பில், பெரிய ரத்தக்குழாய்களின் மேல் படிந்த கொழுப்பை உரித்தெடுக்கிற வேலை அது. அங்கே கை தவறினால் ரத்தப்போக்கு, கணைய நீர்க்கசிவு. அங்கே தயங்கி நிறுத்தினால் புற்று மிச்சம்.

நீங்கள் எந்த வாசலைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த வாசல் வழியாக இந்த வேலையைக் குறையில்லாமல் செய்யக்கூடியவர் கையில் அப்பா இருக்க வேண்டும்.

இனி ஒவ்வொன்றாக. திறந்த அறுவை என்றால் நெஞ்செலும்பின் கீழ் தொடங்கித் தொப்புள் வரையோ அதற்குக் கீழேயோ ஒரு நீண்ட வெட்டு. டாக்டர் கையால் தொட்டுப் பார்த்துச் செய்கிறார். வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1881 ஜனவரி 29 அன்று முதன்முதலாக இதில் வெற்றி கண்ட நாளிலிருந்து நூறாண்டுக்கு மேல் இது ஒன்றுதான் வழியாக இருந்தது. இரைப்பையைக் குடலோடு இணைக்கும் முறைகளுக்கு இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறோம். லேப்ராஸ்கோப்பியில் ஐந்து சிறு துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் நீண்ட கருவிகள். கரியமில வாயுவை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தி வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்து, உள்ளே இடம் உண்டாக்குவார்கள். இரைப்பைப் புற்றுக்கு இதை முதலில் செய்தவர் ஜப்பானின் கிதானோ, 1991-இல். ரோபோடிக்கும் துளைவழி அறுவைதான். கருவிகளை ரோபோவின் கைகள் பிடித்திருக்கும். டாக்டர் சற்றுத் தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து, முப்பரிமாணத்தில் பெரிதாகத் தெரியும் படத்தைப் பார்த்து அவற்றை அசைப்பார். கருவியின் முனை மணிக்கட்டு போலத் திரும்பும், கை நடுக்கம் உள்ளே போகாது. ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. தம்பிக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். நிறையப் பேர் இயந்திரமே ஆபரேஷன் செய்கிறது என்று நம்பித்தான் பணம் கட்டுகிறார்கள்.

இப்போது ஒப்பீடு. ஆரம்பநிலைப் புற்றில் கொரியாவில் 1,416 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வில், ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் லேப்ராஸ்கோப்பி பக்கம் 94.2 சதவீதம், திறந்த அறுவை பக்கம் 93.3. காயத்தில் சீழ், பிளவு போன்ற தொல்லைகள் துளைவழியில் பாதிக்கும் குறைவு. ஆரம்பநிலைக்கு இந்த விவாதம் அத்தோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

உங்கள் அப்பாவுக்கு ஆரம்பநிலை இல்லை. முற்றிய நிலையில், ஆனால் வேறு உறுப்புக்குப் பரவாத நிலையில், சீனாவிலும் கொரியாவிலும் தலா ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துத் தனித்தனி ஆய்வுகள் நடந்தன. சீன ஆய்வில் மூன்று ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் லேப்ராஸ்கோப்பியில் 76.5, திறந்த அறுவையில் 77.8 சதவீதம். கொரியாவில் 80.3-க்கு 81.3. இந்த ஒரு சதவீத வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; இரண்டும் சமம் என்றுதான் பொருள். ஆனால் கொரிய ஆய்வில் ஆபரேஷனுக்குப் பின் ஆரம்பகட்டச் சிக்கல்கள் துளைவழியில் 16.6, திறந்ததில் 24.1. நூறு பேரில் ஏழெட்டுப் பேர் கூடுதலாகச் சிக்கலின்றி வீட்டுக்குப் போகிறார்கள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

இந்த எண்களை யாராவது உங்களிடம் காட்டி ‘லேப்ராஸ்கோப்பிதான் சிறந்தது, நிரூபணமாகிவிட்டது’ என்று சொன்னால், இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள். அந்த ஆய்வுகளில் இருந்தவர்களுக்கு முதலில் ஆபரேஷன், பிறகுதான் கீமோ. உங்கள் அப்பாவுக்குக் கீமோ முதலில். கீமோவில் கட்டி சுருங்கும்போது சுற்றியுள்ள திசு இறுகி ஒட்டிக்கொள்ளும். கணையத்தின் மேல்விளிம்பில் உரிக்கிற அந்த வேலை இன்னும் கடினமாகும். அடுத்து, அங்கே செய்தவர்கள் இரைப்பைப் புற்று மிக அதிகமுள்ள நாடுகளில் இதையே வேலையாகச் செய்கிறவர்கள். நம் ஊரில் அத்தனை பேர் இல்லை.

அதனால் அப்பாவுக்கு நெருக்கமான உதாரணம், லேப்ராஸ்கோப்பியையும் திறந்த அறுவையையும் ஒப்பிட்டு நெதர்லாந்தில் நடந்த இன்னோர் ஆய்வு. அங்கே பத்து மருத்துவமனைகளில், 227 பேரில், பெரும்பாலோர் கீமோ முடித்து வந்தவர்கள். இரு பக்கத்திலும் மருத்துவமனையில் இருந்தது சராசரியாக ஏழு நாள். சிக்கல்கள் லேப்ராஸ்கோப்பியில் 44, திறந்ததில் 42 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஒன்றே. புற்று மிச்சமில்லாமல் எடுத்ததும் ஒன்றே. துளைவழி பாதுகாப்பானது, ஆனால் அங்கே அது அற்புதம் எதையும் செய்துவிடவில்லை. பெய்ஜிங்கில் கீமோவுக்குப் பிறகு கீழ்ப்பகுதி இரைப்பையை எடுத்தவர்களை மட்டும் வைத்து நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், சுமார் 95 பேரில், சிக்கல்கள் லேப்ராஸ்கோப்பியில் 20, திறந்ததில் 46 சதவீதம். மிச்சக் கீமோவையும் துளைவழிக்காரர்கள் நன்றாகத் தாங்கினார்கள். அப்பாவின் நிலைக்கு மிகவும் ஒத்தது இதுதான். ஆள் குறைவு என்பதால் முழு எடை வைக்க முடியாது.

மிச்சக் கீமோ என்றேனே, அதை விட்டுவிடாதீர்கள். அப்பாவுக்குக் கொடுத்தது அநேகமாக ‘ஃப்ளாட்’ என்ற நான்கு மருந்துக் கூட்டு. ஆபரேஷனுக்கு முன் நான்கு தவணை, பின் நான்கு தவணை. ஜெர்மனியில் இதைப் பழைய கூட்டோடு ஒப்பிட்டபோது சராசரி ஆயுள் 35 மாதத்திலிருந்து 50 மாதமாகக் கூடியது. ஆனால் எட்டுத் தவணையையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஆபரேஷனில் உடம்பு தளர்ந்து, காயம் ஆறாமல், சாப்பிட முடியாமல் பலர் நின்றுவிடுகிறார்கள். சிறிய காயம் சீக்கிரம் ஆறி, கீமோவைத் தள்ளிப்போடாமல் தொடங்க முடிந்தால், அது தழும்பின் அழகைவிட ஆயிரம் மடங்கு பெரிய ஆதாயம். நான் துளைவழியை விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

ரோபோடிக் பற்றித் தம்பிக்கு நேராகவே சொல்கிறேன்: நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். கொரியாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 434 பேரை ஒப்பிட்டபோது, ரோபோடிக்கில் சிக்கல் 11.9 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 10.3. நேரம் 221 நிமிடத்துக்கு 178. செலவு ஒன்றரை மடங்குக்கும் மேல். ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வில் மொத்தச் சிக்கல்கள் ரோபோடிக்கில் குறைவாக, 8.8-க்கு 19.7 சதவீதமாக இருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் முக்கியமாகத் தேடிய வயிற்றுக்குள் சீழ்பிடிக்கும் சிக்கலில் வித்தியாசம் இல்லை. நல்ல கருவி. கணையத்தைச் சுற்றி வேலை செய்யும்போது டாக்டருக்கு உண்மையிலேயே உதவுகிறது. வருங்காலத்தில் அதன் பக்கம் தராசு சாயலாம். இன்றைக்கு, அப்பாவின் ஆயுளைக் கூட்டும் என்று நம்பி ஒரு விவசாயக் குடும்பம் கடனில் இறங்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை. அந்தப் பணம் ஆபரேஷனுக்குப் பிறகான கீமோவுக்கும், சத்தான சாப்பாட்டுக்கும், போக்குவரத்துக்கும் தேவைப்படும்.

மாமாவின் பயம் காரணமில்லாதது அல்ல. 1990-களில் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி தொடங்கியபோது, துளை போட்ட இடத்திலேயே புற்று வளர்ந்ததாகச் சில தகவல்கள் வந்தன. நாங்கள் எல்லோருமே கவலைப்பட்டோம். அதனால்தான் கட்டியை நேரடியாகப் பிடிக்காமல் வேலை செய்வதும், எடுத்த பகுதியைப் பைக்குள் போட்டுக் காயத்தில் படாமல் வெளியே கொண்டுவருவதும் விதியாயிற்று. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் நோய் திரும்புவது இரு பக்கமும் சமமாகத்தான் இருக்கிறது என்று மேலே பார்த்தீர்கள். காற்றால் பரவும் என்றால் அந்த எண்கள் அப்படி வந்திருக்காது. மாமாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

துளைவழிக்குள்ளேயும் இரண்டு விதம் உண்டு. டாக்டர் பேசும்போது குழம்ப வேண்டாம் என்று சொல்கிறேன். சிலர் கணுக்களைத் துளைவழியே எடுத்து முடித்து, மேல்வயிற்றில் ஐந்தாறு சென்டிமீட்டர் வெட்டி, இணைப்பை வெளியே வைத்துச் செய்வார்கள். சிலர் இணைப்பையும் உள்ளேயே ஸ்டேப்ளரால் செய்துவிட்டு, தொப்புள் துளையைச் சற்று விரித்து, வெட்டிய பகுதியை வெளியே எடுத்துவிடுவார்கள். கொரியாவில் இரண்டையும் ஒப்பிட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பருத்த உடம்பில் முதல் வகை சிரமம். அப்பா மெலிந்திருக்கிறார், அவருக்கு எதுவும் சரிதான். டாக்டருக்குப் பழகியதைச் செய்யட்டும்.

அரசு மருத்துவமனை டாக்டர் திறந்துதான் செய்வேன் என்றால், அதை மதியுங்கள். அவர் கையில் நூற்றுக்கணக்கான திறந்த ஆபரேஷன்கள் இருக்கலாம். பழகாத துளைவழியைவிடப் பழகிய திறந்த வழி எப்போதும் மேல். அது மட்டுமில்லை, ஸ்கேனில் கட்டி கணையத்தையோ கல்லீரலையோ பிடித்திருப்பதாகத் தெரிந்தாலும், கணுக்கள் பெரிதாகத் திரண்டிருந்தாலும், முன்பே மேல்வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தாலும், நுரையீரல் அந்த வாயு அழுத்தத்தைத் தாங்காது என்றாலும் நானும் திறந்தே செய்வேன். “ஏன் திறந்த வழி?” என்று அவரிடம் கேளுங்கள். இவற்றில் ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

திருச்சி டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு. வருடத்துக்கு எத்தனை இரைப்பைப் புற்று ஆபரேஷன், அதில் எத்தனை லேப்ராஸ்கோப்பி. பித்தப்பை, குடல்வால் ஆபரேஷன்களைக் கணக்கில் சேர்க்காமல். டி2 முழுமையாகச் செய்வாரா, வழக்கமாக எத்தனை கணுக்கள் கிடைக்கின்றன. குறைந்தது 16 பரிசோதிக்க வேண்டும், 30 கிடைத்தால் நல்லது. இணைப்பில் கசிவு வந்தால் நடுராத்திரியிலும் ஐ.சி.யூ., ஸ்கேன், எண்டோஸ்கோப்பி அங்கேயே இருக்கிறதா. நடுவில் சிரமப்பட்டால் திறந்த அறுவைக்கு மாறுவாரா. நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். “தேவைப்பட்டால் மாறுவேன்” என்று தயங்காமல் சொல்பவரை நம்புங்கள். மாறுவது தோல்வி அல்ல, அது அப்பாவின் உயிரைக் காக்கும் முடிவு. எல்லாப் பதிலும் திருப்தி என்றால் அவரிடமே போங்கள், அது என் கருத்து. திருப்தி இல்லை என்றால் அரசு மருத்துவமனையில் திறந்த ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு எந்தக் குறையும் வைத்ததாக நினைக்க வேண்டாம். எங்கே போனாலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, யார் செய்தாலும் கேளுங்கள்: பெரிய வேலையைத் தொடங்கும் முன் கேமரா விட்டு வயிற்றின் உள்ளுறை, கல்லீரல் மேற்பரப்பு எல்லாம் பார்த்து, உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்துப் பரிசோதிப்பார்களா? ஸ்கேனில் தெரியாத சிறு பரவல் இதில் தெரியும். அப்படி இருந்தால் இரைப்பையை எடுப்பதில் பயனில்லை, கீமோதான் வழி. தேவையற்ற பெரிய ஆபரேஷனிலிருந்து அப்பாவை அது காப்பாற்றும்.

கடைசிக் கீமோவுக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரத்தில் ஆபரேஷன் நடக்க வேண்டும். டாக்டர் தேடித்தேடி அந்த நேரத்தைத் தாண்டிவிடாதீர்கள். அதுவரை முட்டை, மீன், பருப்பு, பால் என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். கட்டி அடைத்து வாந்தி இருந்தால் திரவமாக. பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தட்டும். தினம் வரப்பில் நடக்கட்டும். மூச்சை உள்ளிழுத்து மூன்று பந்துகளை எழுப்பும் கருவி வாங்கி மூச்சுப்பயிற்சி தொடங்கட்டும். இவை எல்லாம் எந்தத் துளையையும்விடக் குறைவான செலவில் நிமோனியாவைத் தடுக்கும்.

ஆபரேஷனுக்குப் பின் இரைப்பை சின்னதாகிவிடும். மூன்று வேளைச் சாப்பாடு ஆறு வேளையாகும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் அரைமணி கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். பாயசம், சர்க்கரைத் தண்ணீர், இனிப்புச் சாறு போன்றவை குடலுக்குள் ஒரேயடியாக இறங்கினால் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரும். சில மாதம் தவிர்க்கட்டும். இரும்புச்சத்தும் பி12-ம் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். முழு இரைப்பையையும் எடுக்க நேர்ந்தால் பி12 ஊசி வாழ்நாள் முழுக்க. வயல் வேலை பற்றி அவர் கேட்பார்: துளைவழி என்றால் இலகுவான வேலை ஒரு மாதத்தில், திறந்ததென்றால் மூட்டை தூக்குவது, மண்வெட்டி பிடிப்பது மூன்று மாதத்துக்கு வேண்டாம், தையல் வழியே குடல் பிதுங்கும்.

‘வயித்துல புண்ணு’ என்று சொல்லி வைத்திருப்பது அன்பினால்தான், புரிகிறது. ஆனால் நான்கு தவணைக் கீமோ ஏற்றி, முடி கொட்டியவருக்கு அது தெரியாமல் இருக்கும் என்று நான் நம்பவில்லை. உங்களுக்காக அவரும் தெரியாதது போல இருக்கிறார். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து அவருடையது. எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போட அவருக்கு உரிமை உண்டு. டாக்டர் முன்னிலையில், நீங்கள் பக்கத்தில் இருக்க, ‘புற்றுதான், கீமோவில் சுருங்கியிருக்கிறது, எடுத்துவிடலாம்’ என்று சொல்லுங்கள். பிறகு, ஆபரேஷனுக்குப் பின்னால் வரும் நான்கு தவணையையும் ஏன் முடிக்க வேண்டும் என்பது அவருக்கே புரியும். பாதியில் நிறுத்த மாட்டார்.

எடுத்த திசுவின் பரிசோதனை முடிவு பத்துப் பதினைந்து நாளில் வரும். அதில் விளிம்பில் புற்று இருக்கிறதா, எத்தனை கணுக்கள் பார்த்தார்கள், அதில் எத்தனையில் புற்று என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, கீமோ டாக்டரை ஆறு வாரத்துக்குள் பாருங்கள். அந்த அறிக்கையில் புரியாதது ஏதாவது இருந்தால் தயங்காமல் மறுபடி எழுதுங்கள்.